கட்டை விரல் வலியும் மடக்கு மேசையும்

தடகள அணியுடன் பயணம் செய்யும் பிசியோதெரபிஸ்டுக்குக் கைதான் மூலதனம். எனக்கோ வலது கட்டை விரலின் அடிமூட்டு வலித்து, பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. தொழிலையே விட வேண்டியிருக்குமோ என்று பயந்துவிட்டேன்.

ஐஸ் வைத்தேன், டேப் ஒட்டினேன், ஜெல் தடவினேன். கொஞ்ச நாள் அடங்கும், பிறகு திரும்பும். தசைநாண் வீக்கமோ என்று, கட்டை விரலை மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் ஃபிங்கெல்ஸ்டீன் சோதனை செய்து பார்த்தேன், வலியே இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. கிளினிக்கில் எத்தனை பேரைப் பார்த்தாலும் விரல் வலிக்காது. போட்டிகளுக்குப் போனால்தான் வலிக்கும். வீரர்களைப் படுக்கவைத்துச் சிகிச்சை தர அங்கே எடுத்துப்போகும் மடக்கு மேசையின் கால்களை, நெடுநெடுவென்று வளர்ந்த சக ஊழியர் ஒருவர் தன் அளவுக்கு நீட்டி வைத்திருந்தார். மேசை என் இடுப்புக்கு மேல் நின்றது. உடல் எடையைச் சாய்த்து அழுத்த வழியில்லாததால், ஓட்டக்காரர்களின் பின்தொடைத் தசையோடு மல்லுக்கட்டியது கட்டை விரல் மட்டுமே.

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் தொடும் உயரத்துக்கு மேசையை இறக்கினேன். ஆழமாக அழுத்த வேண்டிய இடங்களில் முழங்கையையும் முன்கையையும் பயன்படுத்தினேன். அந்தப் போட்டித் தொடரிலேயே வலி குறையத் தொடங்கியது. மேசைக் கால்களில் என் உயரத்துக்கான துளையருகே இப்போது மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன்.