எண்ணும் எழுத்தும்: புதிதாக வந்த ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025இல் பணி ஆணை வாங்கி வந்த இடைநிலை ஆசிரியர்கள் பலரைக் குறுவள மையப் பயிற்சிகளில் சந்திக்கிறேன். பயிற்சி தரும் கருத்தாளராகப் போவதால் சிலரின் வகுப்புக்குள்ளும் எட்டிப் பார்க்க முடிகிறது. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, அதற்குமேல் நியமனத் தேர்வும் எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள். உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது எங்கள் செட்டு அடித்த அதே கூத்தை இவர்களும் ஒன்றுவிடாமல் அடிக்கிறார்கள்.

டேப்பை சார்ஜ் போட மறப்பது, கையேட்டைப் புரட்டாமல் வகுப்புக்குப் போவது, வருகைப் பதிவைப் பத்து மணிக்கு மேல் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உங்கள் எச்.எம். முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்.

வீடியோ ஓடும்போது எமிஸ் பார்ப்பது

ஸ்மார்ட் போர்டு வந்த பள்ளிகளில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி: திரையில் பாட வீடியோ ஓடுகிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஈராசிரியர் பள்ளியில் பதிவேற்றும் வேலைக்கு வேறு நேரம் ஏது? ஆனால் அந்த இருபது நிமிடத்தைக் கற்பித்தல் கணக்கில் எழுதாதீர்கள்.

2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் குறியீடு வந்துவிட்டது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி. வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தைய நாளே ஒருமுறை பார்த்து, விடை வருவதற்கு நாலு நொடி முன்னால் நிறுத்த வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விதை முளைக்கும் வீடியோ என்றால், முதலில் வெளியே வருவது வேரா இலையா என்று நிறுத்திக் கேளுங்கள். பாதி வகுப்பு இலை என்று கத்தும். அந்தச் சண்டை முடிந்த பிறகு ஓடவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள். ஐந்து நிமிட வீடியோவுக்கு ஒரு பாடவேளை முழுதும் போனால் சரியாகப் போகிறது என்று பொருள்.

அடிப்படை மதிப்பீட்டில் ‘உதவி’ செய்வது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் ஒரு வகுப்பில் இதைப் பார்த்தால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்து, எழுத்தே தெரியாமல் பிள்ளைகள் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். அதைச் சரிசெய்ய வந்த திட்டம் இது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவும் எண்ணறிவும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை இருந்தது, 2023-24இல் நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அது நிற்கும் நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பது அதற்காக. பிரிப்பதற்கு அடிப்படை மதிப்பீடு. அது பொய்யானால் அதன்மேல் நிற்கிற எல்லாம் பொய்.

எப்படிப் பொய்யாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை, கையில் டேப். 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். விடைகளில் 25ம் இருக்கிறது, 35ம் இருக்கிறது. பிள்ளையின் விரல் 35க்குப் போகிறது. டீச்சர் லேசாகத் தொண்டையைச் செருமுகிறார். விரல் நிற்கிறது, பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்க்கிறது, விரல் 25க்கு நகர்கிறது. டீச்சர் தலையாட்டுகிறார். திரையில் அடுத்த கேள்வி.

அங்கே தொலைந்தது என்ன தெரியுமா? அந்த 35. ஒன்றாம் இலக்கத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்கிறது. பத்தாம் இலக்கத்தில் 4இலிருந்து 1 போக 3. கடன் வாங்குவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, எண்ணின் இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை என்பதை அந்த ஒரு விடை சொல்லியிருக்கும். ஒரு கட்டுக் குச்சியைப் பிரித்துப் பத்துக் குச்சியாக்கிக் காட்ட வேண்டிய பிள்ளை அது. இப்போது பதிவில் ‘கழித்தல் தெரியும்’ என்று ஏறிவிட்டது. காய்ச்சல் பார்ப்பதற்கு முன்னால் மாத்திரை கொடுத்துவிட்டு, உடம்பு சூடே இல்லை என்று எழுதுகிற வேலை.

வாசிப்பில் இது இன்னும் மோசம். தமிழ்ப் பாடத்தின் ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அதை வாசிப்பு என்று எழுதாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, அதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால், மரம், படம் இரண்டையும் படித்த பிள்ளைக்கு ‘மடம்’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளை யோசித்துப் படித்துவிடும். உருவத்தை மனப்பாடம் செய்த பிள்ளை ‘மரம்’ என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். ‘பொம்மை’யை ‘பெம்மை’ என்று படித்தால் முன்னால் இருக்கும் கொம்பு தெரிகிறது, பின்னால் வரும் கால் கண்ணில் படவில்லை. அதற்கு வேண்டியது ஒரு வாரப் பயிற்சி. ‘அது பொம்மைடா’ என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு வாரம் ஒருநாளும் வராது.

ஏன் செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். வாட்ஸ்அப் குழுவில் ஒன்றியவாரியாக, பள்ளிவாரியாகச் சதவீதம் வரும். சிவப்பில் இருக்கும் பள்ளியின் பெயரை ஆய்வுக் கூட்டத்தில் வாசிப்பார்கள். புதிதாக வந்தவர், பணி வரன்முறைகூட இன்னும் ஆகவில்லை, பயம் வரத்தான் செய்யும். கூடவே சர்வர் பாடு வேறு. பகலில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். ‘ராத்திரி வீட்டில் போட்டுக்கலாம்’ என்று முடிவாகும். ராத்திரி ஒன்பது மணிக்கு நினைவிலிருந்து ஏற்றினால் எல்லாப் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளையாகவே நினைவுக்கு வரும். சர்வர் இல்லையென்றால் காகிதத்தில் எழுதுங்கள். பெயருக்கு நேரே சரி, தவறு என்று மட்டும் போடாமல் பிள்ளை சொன்ன விடையையே எழுதுங்கள், 35 என்றால் 35. அதைப் பார்த்து எத்தனை மணிக்கு ஏற்றினாலும் பரவாயில்லை.

இதில் வேடிக்கை, சுயநலத்தோடு பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கு. ஜூனில் எண்பது சதவீதம் மலர் என்று காட்டிவிட்டால் ஜனவரியில் எதைக் காட்டுவீர்கள்? வளர்ச்சிக்கு இடமே இல்லை. வெளியாள் வந்து சோதித்தால் இன்னும் சிக்கல். 2023இல் பி.எட். மாணவர்களை வைத்து மூன்றாம் நபர் மதிப்பீடு என்று அறிவித்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது, படித்துக்கொண்டிருப்பவர் வந்து இருபது வருட அனுபவத்தை அளப்பதா என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நம் பதிவை நாமே நம்பாத நிலையில் அந்தக் கோபத்துக்கு எடை குறைந்துவிடுகிறது. (இதைக் கண்டுகொண்ட சில புத்திசாலிகள், ஜூனில் வேண்டுமென்றே எல்லோரையும் அரும்பில் போட்டு, பிறகு ‘வளர்ச்சி’ காட்டுகிறார்கள். அதுவும் இதே தவறுதான், வேறு சட்டை.)

இந்த உதவியின் விலையைக் கொடுப்பது பிள்ளை. இரண்டு வருடமாகப் பதிவில் மலராகவே இருந்த ஒரு பையன், ஐந்தாம் வகுப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். நாலு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்தேன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கொஞ்சமும் தயக்கமில்லாமல் சொன்னான்: “சார், நீங்க முதல்ல படிங்க, நான் பின்னாடியே சொல்றேன்.” படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறான். ஐந்து வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது. அவன் வகுப்பாசிரியரிடம் கேட்டேன். “மதிப்பீடு அன்னிக்கு நல்லாத்தான் சார் படிச்சான்” என்றார். பின்னாடியே படித்திருப்பான்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை, வரவும் வழியில்லை. தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது சரியான கொள்கை, நான் அதற்கு ஆதரவு. ஆனால் அந்தக் கொள்கை நிற்பது நம் மதிப்பீட்டின் நேர்மையின் மேல். இல்லாவிட்டால் பிள்ளை வழுக்கிக்கொண்டே ஒன்பதாம் வகுப்பில் போய் விழும். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்கென்று ‘திறன்’ இயக்கத்தைத் தொடங்கவேண்டி வந்ததே, அந்தப் பிள்ளைகளெல்லாம் எந்தத் தொடக்கப் பள்ளியின் பச்சைச் சதவீதத்திலிருந்து வந்தவர்கள்? அடுத்த படியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நிற்கிறது. அங்கே தொண்டையைச் செரும யாரும் இருக்கமாட்டார்கள்.

மதிப்பீட்டு நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், உங்கள் முகம் விடைத்தாளாகக் கூடாது. கேள்வியை இரண்டு முறை வாசிக்கலாம், விடையை ஒருமுறைகூடக் கூடாது. மற்ற பிள்ளைகளை வராண்டாவில் வேறு வேலையில் விடுங்கள், முதல் பெஞ்சுக் கெட்டிக்காரன் அங்கிருந்தே கத்துவான். “தப்பானா பரவால்ல, உனக்கு என்ன தோணுதோ அதைத் தொடு” என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அரும்பை நிரந்தர முகவரியாக்குவது

ஆகஸ்டில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை பிப்ரவரியிலும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால் குழு பிரித்ததில் பயனில்லை. அதைவிட மோசம், “ஏய் அரும்பு, இங்க வா” என்று கூப்பிடுவது. வகுப்பில் ஒருமுறை கேட்டாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், பிறகு விளையாட்டுத் திடலிலும் அதுதான் பட்டப்பெயர். எஃப்.ஏ. என்ற வளரறி மதிப்பீடு முடிந்ததும் யார் நகர வேண்டும் என்று பார்த்து நகர்த்துங்கள். தமிழில் மொட்டாகவும் கணக்கில் அரும்பாகவும் ஒரே பிள்ளை இருக்கலாம்.

ஆய்வுத் தேர்வுக்கு ட்ரில் போடுவது

2021 நவம்பரில் தேசிய அடைவுத் தேர்வு, 2024 டிசம்பரில் பரக் என்ற தேசிய ஆய்வு, 2025 பிப்ரவரியில் ஸ்லாஸ் என்ற மாநில அளவிலான அடைவுத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மாதம் மாதிரி வினாத்தாளும் ஓ.எம்.ஆர். வட்டம் கறுப்பதும் மட்டுமே பாடமாகிப்போன வகுப்புகள் உண்டு. வட்டம் எப்படிக் கறுப்பது என்று ஒரு பாடவேளை சொல்லிக் கொடுங்கள், அது நியாயம். அதற்குமேல் வேண்டாம். இந்த ஆய்வுகள் தனிப் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதற்காக நடப்பவை அல்ல. மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவை. உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு அதிலிருந்து திரும்பி வரப்போவது ஒன்றுமில்லை, போன ஒரு மாதம் மட்டும் போனதுதான்.

எமிஸ் பாஸ்வேர்டு

யாரிடமும் கொடுக்காதீர்கள்.

போர்ஷன் முடிந்துவிட்டது என்று சொல்வது

யாருக்கு?

புதிய திட்டம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுவது

அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2012-13இல் ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும். ஒவ்வொன்றும் வரும்போது முந்தையதின் சாமான்கள் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். புதியவர்களில் பலருக்கு அவை அங்கே இருப்பதே தெரியாது, தெரிந்த மூத்தவர்கள் ‘இதுவும் நாலு வருஷம்’ என்று சிரித்துக்கொண்டு எதையும் செய்வதில்லை. இரண்டுமே வீண்.

செயல்வழிக் கற்றல் அட்டைகளில் எழுத்து அட்டைகளும் எண் அட்டைகளும் இன்றைய அரும்பு நிலைக்கு அப்படியே பொருந்தும். சுவரடியில் பிள்ளை உட்கார்ந்து எழுதும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும், ஆளுக்கு ஒரு கட்டம். நான் போன சில பள்ளிகளில் அதன்மேல் வெள்ளையடித்துக் கார்ட்டூன் வரைந்துவிட்டார்கள். வகுப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கும் வசதி போய்விட்டது, ஸ்மார்ட் போர்டில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பேர்தான் எழுத முடியும். உங்கள் வகுப்பில் அந்தப் பலகை இன்னும் மிச்சமிருந்தால் கரும்பலகைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி அடியுங்கள். பள்ளி மானியத்தில் முடிந்துவிடும்.

குறைந்த சதவீதத்தை மறைத்து வைப்பது

அடிப்படை மதிப்பீடு உண்மையாக எடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். அதை வட்டாரக் கல்வி அலுவலர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஏற்றுவதற்கு முன்பே எச்.எம்.மிடம் காகிதத்தைக் காட்டுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது, எந்தக் கணக்கில் விழுகிறது என்று அதில் இருக்கட்டும். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் அதே காகிதத்தை நீட்டுங்கள், வேண்டுமானால் பிள்ளையையே கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காரணம் கையில் இருக்கும் ஆசிரியரிடம் யாரும் அதிக நேரம் கத்தி நான் பார்த்ததில்லை. அப்படியே கத்தினாலும் அன்று மாலை நாலு பத்துக்கு மணி அடித்துவிடும், மறுநாள் ‘கொம்பு’ம் ‘கால்’உமாகப் பாடத்தைத் தொடங்கலாம்.