எல்லா ஈஸ்டர் முட்டையும் தின்பதற்கல்ல

ஐரோப்பாவில் ஈஸ்டர் சமயம். பக்கத்து வீட்டு உக்ரைன் அம்மா ஒரு முட்டையைக் கையில் வைக்கிறார். கறுப்புப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளுமாக நட்சத்திரம், கோதுமைக் கதிர், மான். அவித்த முட்டைதானே என்று வீட்டுக்கு வந்து உடைக்கப் போனால், அதுதான் முதல் தவறு. அதன் பெயர் பிசாங்கா. பச்சை முட்டையின் மேல் தேன்மெழுகால் கோடு இழுத்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை ஒவ்வொரு சாயமாக முக்கியெடுத்து, கடைசியில் மெழுகுவர்த்திச் சூட்டில் மெழுகை உருக்கித் துடைப்பார்கள். சில முட்டைகளில் உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றியிருப்பார்கள். சிலவற்றை அப்படியே விட்டு வருடக்கணக்கில் காயவைப்பார்கள். பாதி காய்ந்ததைக் கீழே போட்டு உடைத்தால் நாற்றத்துக்கு வீட்டை விட்டே ஓட வேண்டியதுதான். இந்தக் கலை 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. தின்பதற்கென்று செய்வது கிராஷாங்கா: ஒரே நிறத்தில் சாயமேற்றிய அவித்த முட்டை. கோலம் இருந்தால் அலமாரிக்கு, ஒற்றை நிறமென்றால் வாய்க்கு.

பின்லாந்தில் இதற்கு நேர்மாறு. ஃபாட்சர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மிக்னோன் முட்டை, பார்த்தால் சாதாரணக் கோழிமுட்டை. உண்மையில் ஓடு மட்டும்தான் கோழியுடையது. உள்ளே பாதாமும் ஹேசல் பருப்பும் சேர்த்த சாக்லேட். சாக்லேட் என்று தெரிந்த உற்சாகத்தில் அப்படியே கடித்தால் பல்லிடுக்கெல்லாம் ஓடு. அவித்த முட்டை மாதிரி தட்டி உரித்துச் சாப்பிட வேண்டும்.

ஈஸ்டர் என்றால் முயலும் சாக்லேட்டும், கண்டம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்சின் பெரும்பகுதியில் முயலே கிடையாது. அங்கே சாக்லேட் கொண்டுவருவது கோயில் மணி. பெரிய வியாழன் முதல் மணிகள் ஒலிக்காததற்கு, அவை ரோமுக்குப் பறந்து போயிருப்பதாகக் குழந்தைகளிடம் சொல்வார்கள். திரும்பும் வழியில் தோட்டத்தில் மிட்டாய் போட்டுவிட்டு வருமாம்.

அடுத்தது தேதி. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமியை வைத்து நாள் குறிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் கிரேக்கம், செர்பியா, ருமேனியா, பல்கேரியா நாட்டு ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்தியக் கிறிஸ்தவப் பிரிவு) சபைகள் இந்தக் கணக்கைப் பழைய ஜூலியன் நாள்காட்டியில் போடுகின்றன. 2024-இல் மற்றவர்களுக்கு மார்ச் 31, இவர்களுக்கு மே 5. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்தன. 2026-இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12. 2027-இல் மார்ச் 28, மே 2. ஆக, மார்ச் கடைசியில் கிரேக்க சக ஊழியரின் மேசையில் பால் சாக்லேட் பெட்டியை வைத்து வாழ்த்துச் சொன்னால், அவர் தவக்காலத்தின் நடுவில் இருப்பார். நோன்பை முறையாகப் பிடிக்கிறவரென்றால் இறைச்சி மட்டுமல்ல, பாலும் முட்டையும்கூடத் தொடமாட்டார். அதற்காக ஆர்த்தடாக்ஸ் என்றாலே தள்ளிப் போடவும் கூடாது. பின்லாந்து ஆர்த்தடாக்ஸ் சபை மேற்கத்தியத் தேதியில்தான் கொண்டாடுகிறது.

வாழ்த்துக்கும் நேரம் உண்டு. வாட்ஸாப்பில் "ஹேப்பி குட் ஃப்ரைடே" அனுப்பும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. அது துக்க நாள். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அன்று பொதுவிடத்தில் நடனத்துக்கே சட்டப்படி தடை. கடைகளும் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூடிக்கிடக்கும். பாலும் ரொட்டியும் வியாழனே வாங்கி வைக்காவிட்டால் சனிக்கிழமை வரிசையில் நின்று அனுபவியுங்கள். எல்லா இடத்திலும் விடுமுறை என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சில் அல்சாஸ், மொசெல் பகுதி தவிர மற்ற இடங்களில் பெரிய வெள்ளி வேலைநாள்தான்.

கிரேக்கத்தில் சனிக்கிழமை நள்ளிரவு வரை "கலோ பாஸ்கா" என்பார்கள், நல்ல பாஸ்கா, அதாவது நல்ல ஈஸ்டர், அமையட்டும் என்ற பொருளில். அதற்குப் பிறகுதான் "கிறிஸ்தோஸ் அனெஸ்தி", கிறிஸ்து உயிர்த்தார். பதில் "அலிதோஸ் அனெஸ்தி", மெய்யாகவே உயிர்த்தார். அந்த இரவுக்கு அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள், ஆனால் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் கோயிலில் விளக்கெல்லாம் அணையும். ஒரு சுடர் வெளியே வரும், அதிலிருந்து ஆளுக்கு ஆள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அணையாமல் அதை வீடுவரை கொண்டுபோய், வாசல் நிலையில் புகையால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அப்புறம் மாயிரிட்சா. ஞாயிறன்று கம்பியில் சுடப்போகும் ஆட்டின் ஈரலும் குடலும் நுணுக்கி, வெங்காயத்தாள், லெட்யூஸ், டில் என்ற வாசனைக் கீரை சேர்த்து, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிய சூப். இதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற வெளிநாட்டவர் நிறைய. குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் சிவப்பு முட்டை கொடுத்தால் உடனே உரிக்க வேண்டாம். ஒருவர் முட்டையால் இன்னொருவர் முட்டையை முட்ட வேண்டும்; கடைசிவரை உடையாத முட்டைக்காரருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்பார்கள்.

பெயரை நம்பியும் ஏமாறலாம். உக்ரைனில் பாஸ்கா என்றால் உயரமான இனிப்பு ரொட்டி. கிட்டத்தட்ட அதே ரொட்டிக்கு ரஷ்யாவில் பெயர் குலிச். அங்கே பாஸ்கா என்றால் பால்கட்டியைப் பிரமிடு மாதிரி அச்சில் அழுத்திச் செய்த குளிர்ந்த இனிப்பு. ருமேனியாவின் பாஸ்காவோ நடுவில் பால்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி. எல்லாவற்றுக்கும் மூலம் எபிரேயத்தின் பெசாக். தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் பாஸ்காவும் அதே சொல்தான். "பாஸ்கா வாங்கி வா" என்று யாராவது சொன்னால் எந்த நாட்டுக் கடைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போலந்துக்காரர் வீட்டில் சனிக்கிழமை ஒரு கூடை தயாராகும். வெள்ளைத் துணி, அவித்த முட்டை, ரொட்டி, உப்பு, சாசேஜ், வெண்ணெயில் செதுக்கிய ஆட்டுக்குட்டி. கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்ததை ஞாயிறு காலைதான் தொடுவார்கள், முட்டையைப் பங்குபோட்டு வாழ்த்துச் சொன்ன பிறகு. இடையில் ஒரு துண்டு சாசேஜை எடுத்து வாயில் போடுவது பெரிய பிழை. இன்னொன்று: மேசையில் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கும். அது க்ஷான் என்ற ஹார்ஸ்ராடிஷ் வேர். கரண்டி நிறைய அள்ளினால் காரம் நாக்கில் நிற்காது, நேராக மூக்குக்கு ஏறி மண்டையைத் தாக்கும். மிளகாய்க்குப் பழகிய தைரியம் இதற்கு உதவாது. மறுநாள் திங்கட்கிழமை ஆளுக்கு ஆள் தண்ணீர் ஊற்றும் நாள், போனைப் பையில் பத்திரப்படுத்துங்கள். செக் நாட்டில் அதே திங்களன்று வில்லோக் குச்சிப் பின்னலால் ஆண்கள் பெண்களை லேசாகத் தட்டி முட்டை வாங்குவார்கள். அது உறவுக்கும் தெருவுக்கும் உள்ள விளையாட்டு, அங்கேயே அதைப் பிடிக்காத பெண்கள் உண்டு. புதிதாக வந்த நீங்கள் அலுவலகத்தில் முயன்று பார்க்கிற வழக்கமல்ல.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: நேப்பிள்ஸின் கசாத்தியெல்லோ ரொட்டியில் பன்றிக்கொழுப்பும் சலாமியும் இருக்கும், பஸ்தியேரா என்ற கோதுமை இனிப்பின் மேல்மாவிலும் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்புச் சேரும். தென்ஜெர்மனியின் ஸ்வாபியாவில் நோன்பு நாள் பண்டம் என்று கொடுக்கும் மௌல்டாஷன் கொழுக்கட்டைக்குள் இறைச்சிதான். மாவுக்குள் ஒளித்தால் கடவுளுக்குத் தெரியாதாம். "கடவுளை ஏய்க்கும் குட்டி" என்றே அதற்குச் செல்லப்பெயர். அதே ஜெர்மன் பேக்கரியில் ஆட்டுக்குட்டி என்று விற்பது வெறும் கேக், சர்க்கரைப்பொடி தூவியது. பின்லாந்தின் மாம்மி முழுச் சைவம்: கோதுமைக்கு உறவான ரை தானிய மாவு, முளைகட்டிய தானியம், தண்ணீர். பார்க்கத் தார் மாதிரி இருக்கிறது என்று நகர்த்தி வைக்கிறவர்களுக்காக வருத்தப்படுகிறேன். கேழ்வரகுக் களியை ரசித்தவர் கொஞ்சம் கிரீம் ஊற்றி ஒரு வாய் போட்டால் கிண்ணத்தைத் திருப்பித் தரமாட்டார்.

ஸ்பெயினின் செவில்லில் ஊர்வலம் பார்க்கப் போனால் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட கூர்முனைத் தொப்பிகளைப் பார்த்து அதே மாதிரி தொப்பி போடும் கு கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க நிறவெறிக் கும்பலோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது தவம் செய்கிறவர் முகத்தை மறைக்கும் உடை, அந்தக் கும்பலைவிட நூற்றாண்டுகள் பழையது.

ஈஸ்டரோடு சேராத ஒன்று. பல்கேரியாவில் மார்ச் 1 அன்று சிவப்பு வெள்ளை நூல் பின்னல் ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள், மார்த்தெனிட்சா. நாலு நாளில் அழுக்காகிவிட்டதே என்று கழற்றிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. முதல் நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கையில் இருக்க வேண்டும். பார்த்ததும் கழற்றிக் கிளையில் கட்டிவிடலாம். வசந்தம் வந்ததும் அங்கே மரங்களில் பூவோடு பூவாகச் சாயம் வெளிறிய நூல்களும் தொங்கிக்கொண்டிருக்கும்.