குழந்தையின் வளர்ச்சி தாமதமாகத் தெரிகிறதா? உதவியை எங்கிருந்து தொடங்குவது

"சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், பொறுத்துப் பாருங்க." இதைக் கேட்காத பெற்றோர் குறைவு. சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனாலும், சந்தேகம் வந்த பிறகு சும்மா காத்திருக்காதீர்கள். மூளையின் இணைப்புகள் வேகமாக உருவாகும் முதல் சில வருடங்களில் கிடைக்கும் உதவிக்குப் பலன் அதிகம்.

படி 1: பார்த்ததை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் போதும். "சரியாகப் பேசமாட்டான்" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது. "வேண்டியதைக் கேட்க என் கையைப் பிடித்து இழுத்துப்போகிறான், விரலால் காட்டுவதில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்புகிறான்" என்று எழுதுங்கள். முடிந்தால் விளையாடும்போது சின்ன வீடியோவும் எடுத்துவையுங்கள். புது இடத்தில் குழந்தை அடம்பிடித்தால் அதுதான் கைகொடுக்கும்.

9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காருவது, 18 மாதத்தில் தானாக நடப்பது, பிடித்த பொருளை விரல் நீட்டிக் காட்டுவது, 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவது: பெரும்பாலான குழந்தைகளிடம் இவற்றைப் பார்க்கலாம். இல்லையென்றால் கேட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே பேசிய சொற்களோ, வந்த திறமையோ காணாமல் போனால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

படி 2: முதலில் காது, கண்

பேச்சு தாமதமானால் கேட்கும் திறனைச் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கண் பார்வையையும் பார்த்துவிடுங்கள். காது விஷயத்தில் "கதவு சாத்தினால் திரும்புகிறாளே" என்பது போதாது. கனமான சத்தம் கேட்டும், பேச்சிலுள்ள மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். ஒத்துழைக்காத குழந்தைக்குத் தூங்கும்போதே செய்யக்கூடிய பெரா (BERA) சோதனை இருக்கிறது; சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அது அளக்கும்.

படி 3: மதிப்பீடு

குழந்தைநல மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, வளர்ச்சி மதிப்பீடு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 16 முதல் 30 மாதம்வரை ஆட்டிசத்துக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துவார்கள். அது முதல்கட்ட வடிகட்டல்தான், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. என்ன குறைபாடு என்று பெயர் சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தெரபியை, அதாவது பயிற்சி சிகிச்சையை, தள்ளிப்போட வேண்டியதில்லை. நடை, தசை இறுக்கம் என்றால் பிசியோதெரபி, பேச்சும் விழுங்குவதும் என்றால் ஸ்பீச் தெரபி, உடுத்துவது, சாப்பிடுவது, சத்தமும் தொடுதலும் தாங்காதது என்றால் ஆக்குபேஷனல் தெரபி.

படி 4: தெரபியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. தெரபி அறையில் குழந்தை இருப்பது வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் உங்களோடு. அதனால் வெளியே உட்காரவைத்தால் "நானும் உள்ளே இருந்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய ஒரே ஒரு விஷயம் வாங்கிவாருங்கள், போதும்.

உதாரணத்துக்குக் கால்சட்டை. கால்களை நுழைத்து இடுப்புக்குச் சற்றுக் கீழேவரை நீங்களே ஏற்றுங்கள். கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது பழகியதும் முட்டியிலிருந்து, அப்புறம் கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தைதான். அந்த மகிழ்ச்சி அடுத்த முயற்சிக்கு இழுக்கும்.

பேச்சுக்கும் இப்படித்தான். பிடித்த பொம்மையைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். பார்வை, கைநீட்டல், ஒரு சத்தம், எது வந்தாலும் "பொம்மை!" என்று சொல்லி உடனே கொடுங்கள். அழவிட்டுக் காக்கவைக்கக் கூடாது. வேண்டியதைக் காட்டிக் கேட்கப் பட அட்டை கொடுத்தால் பேசாமலே இருந்துவிடுவான் என்று பயப்படாதீர்கள். படங்களும் சைகைகளும் பேச்சைத் தடுப்பதில்லை.

ஆட்டிசத்தை முழுசாகக் குணமாக்குவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 5: வீட்டிலுள்ளவர்கள்

உலக சுகாதார அமைப்பு, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுவரையான பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. பெற்றோர் தங்களைக் கவனித்துக்கொள்வதும் அதில் ஒரு பாடம். ஆகவே ஓய்வு கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்குக் குழந்தையின் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்து, வாரத்தில் கொஞ்ச நேரமாவது அவரிடம் விடுங்கள். கூடப்பிறந்த பிள்ளைக்கு நடப்பதை அதன் வயதுக்கேற்ற மாதிரி சொல்லுங்கள். அதனோடு மட்டும் செலவழிக்கும் நேரமும் வேண்டும்.

படி 6: மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறங்கள்

பழைய குறிப்போடு இன்றையதை ஒப்பிட்டு, தெரபிஸ்டோடு உட்கார்ந்து பேசுங்கள். எது வந்திருக்கிறது, அடுத்த இலக்கு என்ன? இலக்கு எதுவென்றே அவரால் சொல்ல முடியவில்லையா, வேறொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள். போகும்போது நோட்டையும் காது சோதனை அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.