விட்ட நாளைச் சேர்த்து எழுதாதீர்கள்: எழுத்து இலக்கில் நேரும் தவறுகள்

60,000 சொற்களில் ஒரு நாவல், நாளுக்கு 300 சொல், 200 நாளில் முதல் வரைவு கையில். கணக்கு சரிதான். ஆனால் அதில் காய்ச்சலுக்கோ விருந்தாளிக்கோ அலுவலக நெருக்கடிக்கோ இடமே இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் எழுதுவதாக வைத்துப் போட்டால் வாரம் 1,500 சொல், மொத்தம் 40 வாரம். ஆண்டில் மிஞ்சும் 12 வாரத்தைக் கையிருப்பாக விட்டுவைக்க வேண்டும். அதையும் சேர்த்து நிரப்பித் திட்டம் போடுவதுதான் பலருடைய முதல் தவறு.

அதைவிடக் கேடானது, பாக்கியைச் சுமப்பது. நான்கு நாள் விட்டுப்போகிறது. ஐந்தாம் நாள் 1,500 சொல் எழுதி ஈடுகட்டிவிடலாம் என்று உட்காருகிறார்கள். 600 சொல்லில் கை ஓய்ந்துவிடும். உண்மையில் அது நல்ல நாள், வழக்கத்தைப் போல இரு மடங்கு! ஆனாலும் 900 சொல் கடன் என்றே மனம் கணக்குப் பார்க்கும். இரண்டு வாரம் இப்படிப் போனால் கோப்பைத் திறக்கவே பிடிக்காது. விட்ட சொற்களைத் தள்ளுபடி செய்துவிட்டு, முடிக்கும் தேதியைத் தள்ளி வையுங்கள்.

போட்டிக்கு அனுப்புவது போலத் தேதி மாறாத வேலை என்றால், மிச்சச் சொற்களை மிச்ச எழுத்து நாட்களால் வகுத்துப் புது அளவு எடுக்க வேண்டும். 18,000 முடிந்து, எழுத 120 நாள் இருந்தால் நாளுக்கு 350, சமாளிக்கலாம். புது அளவு பழையதைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், கதையைச் சுருக்குங்கள். ஒரு கிளைக்கதையை எடுத்துவிட்டால் பல ஆயிரம் சொல் குறையும்.

அடுத்தவர் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது; நாளுக்குச் சுமார் 1,667 சொல். அது ஆங்கிலக் கணக்கு. ‘எழுதிக்கொண்டிருந்தவர்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் நான்கு சொல்லாவது ஆகும். அதே எண்ணைத் தமிழுக்கு வைத்தால் தெரியாமலே கூடுதல் சுமை ஏற்றுகிறீர்கள். ஏழு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் எழுதி, சொல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நான்காவதாக நிற்கும் எண்ணே உங்கள் அளவு. ஏழில் மிகப் பெரியதை எடுக்கவே கை துறுதுறுக்கும். வேண்டாம்.

எழுதும் நேரத்தில் திருத்தவும் தொடங்கினால் அரைமணி முதல் பத்தியிலேயே கரைந்துவிடும். நேற்று எழுதியதில் கடைசி இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். ஏதாவது உறுத்தினால், பின்னால் தேடி எடுக்கும்படி அங்கே ஒரு தனிக் குறி போட்டால் போதும். திருத்தும் கட்டம் வந்ததும் சொல் இலக்கை எடுத்துவிட்டு மணிக்கணக்கோ பக்கக் கணக்கோ வையுங்கள். நன்றாகத் திருத்திய நாளில் 200 சொல் குறைந்திருக்கும். பழைய அளவுகோலில் அது தோல்வியாகத் தெரியும்.

காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் வெற்றுப் பக்கத்தில் தொடங்க வேண்டிவரும். உரையாடலின் நடுவே நிறுத்தி, அடுத்து யார் என்ன சொல்லப்போகிறார் என்று ஒரு வரி குறித்துவைத்தால் பாதி தயக்கம் போய்விடும்.

தேதி, நிமிடம், சொல், விட்டிருந்தால் காரணம்: நாளுக்கு ஒரு வரி பதிவு போதும். வண்ண அட்டவணைகளுக்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடலாம். மாதம் ஒருமுறை அதைப் புரட்டும்போது ஒரே கிழமை மூன்று வாரமாக விட்டுப்போயிருந்தால், அந்தக் கிழமையை எழுத்து நாட்களிலிருந்து அடித்துவிட்டு வேறொன்றைச் சேருங்கள்.