பாசி தின்னும் குட்டிக் கெளுத்தி வாங்கப் போறீங்களா?

வெள்ளவத்தைப் பக்கம் வளர்ப்பு மீன் கடைகளில் 'ஒட்டோ' என்று கேட்டால் காட்டுவார்கள். ஒட்டோசிங்க்ளஸ், தென்னமெரிக்க மீன், 4 சென்றிமீற்றரைப் பெரிதாகத் தாண்டாது. 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் பிளெக்கோ என்ற வேறொரு கெளுத்தியின் குட்டியை மாறி வாங்கிவிடாதீங்க. அது ஒரு அடிக்கு மேல் வளரும்.

வாங்கும்போது மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போதே வயிற்றைப் பாருங்க. உருண்டு இருந்தால் எடுக்கலாம். உள்ளே குழிந்திருந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். பட்டினி கிடந்த ஒட்டோ பெரும்பாலும் தேறாது. தனியாகவும் வைக்காதீங்க, குறைந்தது 6 வேணும்.

புதுத் தொட்டியில் விடுவதுதான் பெரிய பிழை. கண்ணாடி பளபளவென்று இருந்தால் அதுக்குத் தின்ன ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மாதம் ஓடி, இலைகளில் பழுப்புப் பாசி படிந்த பிறகு விடுங்க. பாசி தீர்ந்தால், அவித்த கெக்கரிக்காய்த் துண்டை முள்ளுக்கரண்டியில் குத்தி இரவில் இறக்குங்க. காலையில் எடுத்துவிடணும், தண்ணி கெட்டுப்போகும்.

கொழும்பு வெக்கைக்குத் தொட்டித் தண்ணி 29, 30 பாகைக்கு ஏறும். இவற்றுக்கு 26க்குள் இருந்தால் நல்லது. தண்ணி மேற்பரப்பில் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வையுங்க, ஓரிரு பாகை இறங்கும். வற்றும் அளவுக்கு, குளோரின் நீக்கிய தண்ணியை ஊற்றுங்க.