பினாங்கு வெயிலில் பூச்சாடிக் காய்கறிகளைக் காப்பாற்ற

ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கிழக்குக் கரையிலேயே கொட்டிவிட்டு, தித்திவங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காய்ந்துதான் வருகிறது. கத்தரி, மிளகாய், கீரை எல்லாம் சாடியில் வளர்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பது.

போன வருடம் நான் தவறியது இங்கேதான். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன், அடியில் வழிந்தது, ஆனாலும் மிளகாய்ச் செடி வாடியது. சரி, வேர் அழுகுகிறது போலிருக்கிறது என்று தண்ணீரைக் குறைத்தேன், இன்னும் மோசம். கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் நடுமண் பொடியாகக் காய்ந்து கிடந்தது! பையில் விற்கும் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றுவதெல்லாம் சாடியின் ஓரமாகவே இறங்கி வெளியே போய்விடும்.

அதனால் சாடியை அப்படியே வாளித் தண்ணீரில் விளிம்புவரை இறக்குங்கள். குமிழி வரும், அது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம் விட்டு, எடுத்து வடியவிடுங்கள். தூக்க முடியாத பெரிய சாடியா? சாத்தே குச்சியால் மண்ணில் ஏழெட்டுத் துளை போட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மண் நனையும்வரை உரம் வேண்டாம், காய்ந்த வேரை அது பொசுக்கிவிடும்.

அப்புறம் மூடாக்கு. காய்ந்த இலை இரண்டு அங்குலம் போதும், தண்டை ஒட்டாமல் மூன்று விரல் இடம் விடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு எனக்குப் பிடிக்காது, வேரைச் சுடும். கீரைக்கும் மிளகாய்க்கும் 50 விழுக்காடு நிழல்வலை கட்டுங்கள், வெண்டைக்குத் தேவையில்லை. மிளகாய்ப் பூ உதிர்ந்தால் அது சூட்டினால் இருக்கலாம், அதற்காக உரம் போடாதீர்கள். இலையில் மஞ்சள் புள்ளி பொடிப்பொடியாகத் தெரிந்தால் அடிப்பக்கம் பாருங்கள், சிலந்திப்பேன் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரச் சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகே தெளியுங்கள்.

லீமாவ் காஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை), மாமரம் வைத்திருப்பவர்கள் பிஞ்சு பிடித்த பிறகு மண்ணைக் காயவிடாதீர்கள், பிஞ்சு உதிரும்.

பின்சேர்க்கை: சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் நிறுத்தலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டவே வேண்டாம், டிங்கி கொசுவுக்கு அது போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.