ஏலத்தில் படிந்த விலையும் கைக்கு வரும் பணமும்: ஈபேயில் பழைய பொருட்களை விற்பவர்களுக்கு

அமெரிக்காவில் வீடு மாற்றும்போதும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும்போதும், பழைய கேமரா, ரெக்கார்டு பிளேயர், கைக்கடிகாரம், புத்தகம் போன்றவற்றை ஈபேயில் ஏலத்துக்கு விடலாமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. ஏலம் முடியும் நேரத்தில் திரையில் தெரியும் தொகையையே வருமானம் என்று எடுத்துக்கொள்வதால்தான், பிறகு வங்கிக் கணக்கில் வந்து சேரும் பணத்தைப் பார்த்துப் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் என்னென்ன கழிகின்றன என்பதை, பொருளைப் பதிவிடுவதற்கு முன்பே கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன். இங்குள்ள கட்டணங்கள் அமெரிக்கத் தளத்தில், மாதச் சந்தா கட்டும் 'கடை' வசதியை எடுக்காமல் விற்கும் தனிநபர்களுக்கானவை; 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறேன். ஜெர்மனியில் 2023 முதலும் பிரிட்டனில் 2024 அக்டோபர் முதலும் தனிநபர் விற்பனையாளர்களுக்குப் பெரும்பாலான பொருட்களில் விற்பனைக் கட்டணம் இல்லை. இந்தியத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது.

முதலில், பொருள் விற்றதும் தளம் எடுத்துக்கொள்ளும் விற்பனைக் கட்டணத்தைப் பார்ப்போம். பெரும்பாலான பொருள் வகைகளுக்கு இது 13.6 சதவீதம், அதோடு ஆர்டர் ஒன்றுக்கு, மொத்தத் தொகை 10 டாலர் வரை என்றால் 30 சென்ட், அதற்கு மேல் என்றால் 40 சென்ட் சேரும். விகிதம் என்ன என்பதைவிட, அது எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதே முக்கியம். ஏலத்தொகையின் மீது மட்டும் இந்தச் சதவீதம் விழுவதில்லை. வாங்குபவர் செலுத்தும் ஷிப்பிங் கட்டணமும், அவருடைய மாநிலத்தின் விற்பனை வரியும் சேர்ந்த முழுத் தொகையின் மீது விழுகிறது. 2018-இல் சவுத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றி, விற்பனை வரியை வசூலிக்கும் பொறுப்பை ஈபே போன்ற தளங்களிடமே ஒப்படைத்துவிட்டன. அந்த வரிப்பணம் விற்பவரின் கைக்கு ஒருபோதும் வருவதில்லை. ஆனாலும் அதற்கும் சேர்த்துத்தான் அவர் கட்டணம் கொடுக்கிறார். இது நியாயமில்லை என்பதே என் கருத்து. என்றாலும் விதி அப்படியிருக்கும்போது அதற்கேற்பக் கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பழைய ஃபிலிம் கேமரா 80 டாலருக்கு ஏலம் படிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் ஷிப்பிங்குக்கு 14 டாலர் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய ஊரில் வரி 8 சதவீதம். வரி 7.52 டாலர் சேர்ந்து அவர் மொத்தம் 101.52 டாலர் செலுத்துகிறார். அதில் 13.6 சதவீதம் 13.81 டாலர், 40 சென்ட்டையும் சேர்த்தால் 14.21 டாலர். வரி தளத்தோடு போய்விட, உங்கள் கணக்கில் சேர்வது 79.79 டாலர். பெட்டியில் ஒட்டும் தபால் கட்டணச் சீட்டான லேபிளுக்கு 14 டாலரும், பெட்டி, பபிள் ரேப், டேப் ஆகியவற்றுக்கு 3 டாலரும் போனால் மிஞ்சுவது 62.79 டாலர். கட்டணத்தை மட்டும் 80 டாலரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 18 சதவீதம் ஆகிறது. வாங்குபவர் ஓரிகான் போல விற்பனை வரி இல்லாத மாநிலத்தில் இருந்தால் கட்டணத்தில் ஒரு டாலர் அளவுக்குக் குறையும். சிகாகோ போல வரி 10 சதவீதத்தைத் தாண்டும் ஊரில் இருந்தால் சற்றுக் கூடும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் விற்பவருக்குப் பயன்படும். கைக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். அதோடு லேபிள் செலவையும் பெட்டிச் செலவையும் 40 சென்ட்டையும் கூட்டி, 0.853-ஆல் வகுத்து, வாங்குபவரிடம் கேட்கும் ஷிப்பிங் தொகையைக் கழித்துவிடுங்கள். இங்கே 0.853 என்பது, 8 சதவீத வரியும் 13.6 சதவீதக் கட்டணமும் உள்ளபோது, ஒவ்வொரு டாலரிலும் உங்களுக்கு மிஞ்சும் பங்கு. அதே கேமராவுக்கு 60 டாலர் கைக்கு வர வேண்டும் என்றால், 77.40-ஐ 0.853-ஆல் வகுக்க 90.74 வருகிறது, 14-ஐக் கழித்தால் ஏலம் 77 டாலரிலாவது படிய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தத் தொகை கிடைத்த பிறகுதான் தொடக்க விலையைப் பற்றி யோசிக்க வேண்டும். 99 சென்ட்டில் தொடங்கினால் கூட்டம் சேரும், விலை தானாக ஏறும் என்று சொல்வார்கள். போட்டி போட்டு வாங்க ஆட்கள் இருக்கும் பொருளுக்கு அது பொருந்தும். தேடுபவர் இரண்டு பேர்தான் என்ற பொருளுக்கு அந்த முறை ஆபத்தானது. அன்று ஒருவர் மட்டும் கேட்டாலும் அவர் கேட்ட அடிமாட்டு விலைக்கே கொடுத்தாக வேண்டும். எனவே தளத்தின் தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு, கடந்த மூன்று மாத அளவில் அதே பொருள் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். விற்காமல் கிடக்கும் பதிவுகளில் உள்ள விலைகள் விற்பவர்களின் ஆசையைத்தான் காட்டும். விலை உறுதியில்லாத பொருளுக்கு, மேலே கண்ட குறைந்தபட்சத் தொகையையே தொடக்க விலையாக வைத்துவிடுவது நல்லது. இன்ன விலைக்குக் கீழே விற்பதில்லை என்று மறைத்து வைக்கும் ரிசர்வ் விலையை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கு 5 டாலர் அல்லது ரிசர்வ் விலையில் 7.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பொருள் விற்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்புவதில்லை. பதிவுக் கட்டணம் பெரிய சுமையில்லை. மாதத்துக்கு 250 பதிவுகள் வரை இலவசம் என்பதால் வீட்டுப் பொருள் விற்பவர்களுக்கு அது பெரும்பாலும் வராது. ஒரு நாள், மூன்று நாள் ஏலங்களுக்கு மட்டும் தனியாக ஒரு டாலர் வாங்குகிறார்கள். ஏழு நாள் ஏலமே போதும்.

அடுத்தது தபால் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். ரெக்கார்டு பிளேயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியோடு எடை 14 பவுண்டு. பெட்டியின் அளவு 20 அங்குலத்துக்கு 17 அங்குலம், உயரம் 10 அங்குலம். ஒரு கன அடிக்கு மேற்பட்ட பெட்டி என்பதால் அமெரிக்கத் தபால் துறை அதன் கன அளவை 166-ஆல் வகுத்துப் பார்க்கும்: 3,400 கன அங்குலத்தை 166-ஆல் வகுத்தால் 20.48, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 21 பவுண்டு. தராசு 14 என்று காட்டினாலும் 21 பவுண்டுக்குத்தான் கட்டணம். பெட்டியின் நீளம் 22 அங்குலத்தைத் தாண்டினாலோ, மொத்த அளவு இரண்டு கன அடியைத் தாண்டினாலோ அதற்குமேல் தனிக் கட்டணமும் உண்டு. இதையெல்லாம் பார்க்காமல் குத்துமதிப்பாக எடையையும் அளவையும் பதிவிட்டால், பார்சல் வழியில் இயந்திரத்தால் அளக்கப்பட்டு, வித்தியாசத் தொகை சில நாட்கள் கழித்து உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். அதற்குள் வாங்கியவரிடம் கேட்கும் காலம் கடந்திருக்கும்.

ஆகையால் பொருளைப் படம் எடுக்கும் அன்றே பெட்டியில் வைத்து, மூடி, எடைபோட்டு, மூன்று பக்கமும் அளந்து எழுதி வைத்துவிடுங்கள். ஷிப்பிங் கட்டணத்தை நிலையான ஒரு தொகையாக வைக்காமல், வாங்குபவரின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துத் தளமே கணக்கிடும் வகையில் வையுங்கள். நியூஜெர்சியிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகும் பெட்டிக்கும் கலிஃபோர்னியாவுக்குப் போகும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், கனமான பொருட்களில் லாபம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடியது. இலவச ஷிப்பிங் என்று போடுவது, விலை எங்கே நிற்கும் என்று தெரியாத ஏலத்தில் சரிவராது. சிறிய பொருட்களுக்கு தபால் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரையாரிட்டி மெயில் என்ற விரைவு அஞ்சல் சேவையின் பெட்டிகள் உதவும். ஆனால் அந்தப் பெட்டியில் வைத்ததை பிரையாரிட்டி மெயிலில்தான் அனுப்ப வேண்டும். மற்றவற்றுக்கு, உங்கள் வீட்டுக்கே பார்சல்கள் வரும் பெட்டிகளில் நல்லவற்றைச் சேர்த்து வைத்தால் பெட்டிச் செலவு பாதியாகும்.

ரெக்கார்டு பிளேயரை அனுப்பும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உடைந்து போய்ச் சேருவது மிகவும் சாதாரணம். சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் அதன் எடையே நடு அச்சைச் சேதப்படுத்தும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மை அதன் தாங்கியோடு மெல்லிய கம்பியாலோ ஒட்டாத நாடாவாலோ கட்ட வேண்டும். ஊசிக்கு உறை போட வேண்டும். அந்தக் கையின் பின்முனையில் உள்ள எதிர் எடையையும் கழற்றிச் சுற்றிவிட வேண்டும். கண்ணாடி போன்ற மூடியைத் தனியே சுற்றி, முழுவதையும் ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல இடைவெளியோடு இன்னொரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமும் பத்து டாலருக்குக் குறையாத பொருட்களும் செலவாகும். தபால் துறையின் கிரவுண்ட் அட்வான்டேஜ் என்ற சாதாரண பார்சல் சேவையில் 100 டாலர் வரை காப்பீடு சேர்ந்தே வருகிறது. ஆயினும் கட்டியது சரியில்லை என்று தெரிந்தால் அந்தத் தொகை கிடைப்பது கடினம். மூடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருப்பது அங்கேதான் கைகொடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய மறைமுகச் செலவு, திரும்பி வரும் பொருள். பதிவில் 'திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது' என்று எழுதியிருந்தாலும், விவரித்தபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் புகார் கொடுத்து அது ஏற்கப்பட்டால், முழுத் தொகையையும் ஷிப்பிங்கையும் திருப்பித் தருவதோடு, பொருள் உங்களிடம் வந்து சேரும் தபால் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். மேலே கண்ட கேமரா அப்படித் திரும்பினால், போகும்போது 14, வரும்போது 14, கட்டியதற்கு 3 என 31 டாலர் கைக்காசு போய், கேமராதான் மிஞ்சும். எனவே விற்பனை விவரத்தை எழுதும்போது, குறைகளை வாங்குபவர் கண்டுபிடிக்க விடாமல் நீங்களே முதல் வரியில் சொல்லிவிடுங்கள். 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதுவதைவிட, 'ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்குகிறது, ஒளிமானி வேலை செய்யவில்லை, லென்ஸின் உட்புறம் லேசான பூஞ்சை உள்ளது' என்று எழுதினால் விலை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவு 31 டாலருக்கு வராது. சோதித்துப் பார்க்க வழியில்லாத பொருளை, உதிரி பாகங்களுக்கு என்ற நிலையில் பதிவிடுவதே பாதுகாப்பு. வரிசை எண் தெரியும்படி ஒரு படத்தையும் எடுத்து வையுங்கள். வாங்கியவர் வேறொரு பழுதான பொருளை மாற்றித் திருப்பி அனுப்பினால் அதுவே உங்கள் சாட்சி. 750 டாலரும் அதற்கு மேலும் போகும் பொருளுக்கு, பெறுபவரின் கையொப்பம் வாங்கும் சேவையைச் சேர்க்காவிட்டால், வந்து சேரவில்லை என்ற புகாரில் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் போவதும் உண்டு. நான்கு நாட்கள் காத்திருந்துவிட்டு விற்பனையை ரத்து செய்யலாம்; அடுத்தபடியாக அதிகம் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே பொருளைத் தரும் வாய்ப்பும் தளத்தில் இருக்கிறது. 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து எழுத முடியாது. அவரை உங்கள் ஏலங்களிலிருந்து தடுத்துவைக்க மட்டும் முடியும். புதிய விற்பனையாளருக்குப் பணம் சில வாரங்கள் நிறுத்திவைக்கப்படலாம். நாடு விட்டுக் கிளம்பும் தேதி நெருங்கியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடைசி மாதத்தில் தொடங்கும் ஏலத்தில் பொருள் திரும்பி வந்தால் அதை வாங்கிக்கொள்ள முகவரியே இருக்காது.

உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். துடைப்பது, படம் எடுப்பது, எழுதுவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது, தபால் நிலையம் போய் வருவது எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்கு ஒன்றரை மணி நேரம் எளிதில் ஆகும். 62 டாலர் தரும் கேமராவுக்கு அது தகும். 6 டாலருக்குப் படிந்து, ஷிப்பிங்குக்கு 5 டாலர் பெறும் ஒரு புத்தகத்தைப் பாருங்கள்: புத்தகங்களுக்கான கட்டணம் 15.3 சதவீதம், 8 சதவீத வரியோடு மொத்தம் 11.88 டாலருக்கு 2.22 டாலர் கட்டணம், லேபிள் 5, உறை 1 போக மிஞ்சுவது 2.78 டாலர். தனிப் புத்தகங்களை ஏலத்தில் விற்காதீர்கள். ஒரே ஆசிரியர் அல்லது ஒரே துறை நூல்களை ஒரு தொகுப்பாகக் கட்டி, புத்தகம் போன்றவற்றுக்கான, விலை மலிவான மீடியா மெயில் என்ற தபால் சேவையில் அனுப்பினால் ஓரளவு தேறும். மேசை, நாற்காலி, மைக்ரோவேவ், தொலைக்காட்சி போன்றவற்றை அக்கம்பக்கத்தில் நேரில் வந்து எடுத்துச் செல்பவருக்குக் கொடுப்பதே சரி. அங்கே பாதி விலைக்குக் கொடுத்தாலும் பெட்டியும் தபாலும் திரும்பி வரும் அபாயமும் இல்லை. இதிலும் விலைபோகாதவை பழைய பொருட்களை நன்கொடையாகப் பெறும் குட்வில் போன்ற அமைப்புகளுக்குப் போகலாம்.

வரியைப் பற்றி அச்சப்பட வேண்டியது குறைவு. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேலும் 200 விற்பனைகளுக்கு மேலும் போனால்தான் தளம் கூட்டாட்சி வரித் துறைக்கு, உங்கள் விற்பனைத் தொகையைத் தெரிவிக்கும் 1099-கே படிவம் அனுப்பக் கடமைப்பட்டது. சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு. சொந்த உபயோகத்துக்கு 400 டாலருக்கு வாங்கிய கேமராவை 80 டாலருக்கு விற்றால் லாபமே இல்லை என்பதால் வருமான வரியும் இல்லை. அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வாங்கியதைவிட அதிக விலைக்குப் போகும் நாணயம், தபால்தலை, பழம்பொருள் ஆகியவற்றின் லாபத்துக்கு வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருட்களுக்கு அது 28 சதவீதம் வரை போகலாம். எனவே வாங்கிய ரசீது எங்கே இருந்தாலும் தேடி எடுத்து, விற்பனைப் பக்கத்தின் நகலோடும் தபால் லேபிள் ரசீதோடும் சேர்த்து, அந்த ஆண்டின் வரிக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.